அத்தானின் வண்டியை விற்கப் போன கதை

கோத்தகிரியில் பேக்கரி நடத்தும் ஒருத்தி, கண்டியில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விற்றுக் கொடுக்கக் கடல் தாண்டிப் போகிறாள் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் கடை மாஸ்டர் சிரித்தார். "ஏம்மா, அந்த ஊர்ல பைக் விக்கத் தெரிஞ்ச ஆளே இல்லியா?" என்றார். விற்க ஆள் இருந்தது. வாங்கவும் ஆள் இருந்தது. விலைகூடப் பேசி முடித்தாயிற்று. விற்பனை மட்டும் மாதக்கணக்கில் நடக்கவில்லை.

வண்டி என் அக்கா மரகதத்தின் வீட்டுக்காரர் சுப்பையா அத்தானுடையது. எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அக்காவுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகி, கண்டி மஹய்யாவயில் குடித்தனம் வைத்துவிட்டாள். அவள் அங்கே, நாங்கள் இங்கே என்று ஆனது அப்படித்தான். அத்தான் நகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண்டியின் மேடு பள்ளமெல்லாம் அந்த வண்டியில்தான் ஏறி இறங்கினார். இப்போது அவருக்கு வலது கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, அதைக் கவனிக்காமல் விட்டு, பார்வை போய்விட்டது. இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கத்தாரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ரவி எனக்குப் போன் செய்தான். "சித்தி, ஒண்ணு யாரையாவது இடிச்சுட்டு வந்து நிப்பாரு, இல்லாட்டி அவரே போயிருவாரு. அம்மா சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. போய் அந்த வண்டியத் தள்ளி விட்டுட்டு வாங்க சித்தி" என்றான். அவன் அழுதான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அழாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அடுப்படியில் நின்று நின்று என் முழங்கால்கள் இரண்டும் ஏற்கெனவே விடுப்பு கேட்டுக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை மத்தியானம் மஹய்யாவயில் போய் இறங்கினேன். அக்கா வீட்டுக்குப் பிரதான சாலையிலிருந்து ஒரு சந்து, சந்து முடிந்ததும் படிகள். பக்கத்தில் வண்டி ஏறுவதற்கென்று அத்தானே சிமெண்ட் பூசி வைத்த ஒரு சரிவு. உள்ளே போனால் முன்னறையில் உட்காரக் கதிரைகளுக்கு இடமில்லை. நடுவீட்டில் மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு. கல்யாணப் பெண் மாதிரி மூடி வைத்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க" என்று அத்தான் எழுந்து வந்தார். மெலிந்திருந்தார். கண்ணில் ஒரு குறையும் வெளியே தெரியவில்லை. நான் அவருடைய வலது பக்கமாக நின்று பையை நீட்டியபோது மட்டும் கை எதிர்ப்பக்கம் போய்த் துழாவியது. அக்கா அவரைத் தாண்டி வந்து பையை வாங்கிக்கொண்டாள். அவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். பயணக் களைப்பில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோத்தகிரி வர்க்கி கொண்டு போயிருந்தேன். அத்தான் அதைப் பால் விடாத பிளேன்டீயில் நனைத்துத் தின்றுகொண்டே விரிப்பை விலக்கி வண்டியைக் காட்டினார். பழைய பிரிட்டிஷ் வண்டி. நம்பர் தகட்டில் நடுவில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தது. அந்த எழுத்துக்காகவே ஆசைப்படுகிறவர்கள் உண்டாம். மற்றபடி அதில் ஆசைப்பட என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. பெட்ரோல் தாங்கியில் இரண்டு நசுங்கல். ஒரு கண்ணாடி வேறு ஏதோ வண்டியினுடையது. பெயின்ட் போன இடமெல்லாம் தேய்ந்து பளபளத்தது. பின் இருக்கை மட்டும் புதிதாக, தடிப்பாக, கைத்தையலில் இருந்தது. "உங்க அக்கா தைச்சது" என்றார் அத்தான்.

செவ்வாய்க்கிழமை வண்டியை வாங்குபவர் வருவதாக இருந்தது. ஃபாரூக் என்று பெயர். கடுகண்ணாவையில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிறவர். பழைய வண்டி என்றால் உயிரை விடுகிறவர். அத்தானுக்கும் அவருக்கும் பழக்கமே இந்த வண்டியால் வந்ததுதான். காலையில் நான் குளித்துத் தயாராகி உட்கார்ந்தால், அக்கா போனை வைத்துவிட்டு வந்து, "இன்னைக்கி செவ்வாக்கிழமை. வண்டி வாசல் தாண்டக் கூடாது. அந்தத் தம்பிய வர வேணாம்னுட்டேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தான் சொல்லிக் கொடுத்து அவள் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவரோ வானொலிச் செய்தியில் மூழ்கியிருந்தார்.

வீட்டில் உட்கார்ந்து கோபப்படுவதற்குப் பதிலாக நகரத்துக்குப் போனேன். என் தொழில் புத்தி பேக்கரி பேக்கரியாக நுழைய வைத்தது. இங்கே ரொட்டிக்குப் பெயர் பாண், பன்னுக்குப் பனிஸ். முதலை வடிவத்தில் சீனி தூவிய ஒரு பனிஸ், மீன் அடைத்த முக்கோணப் பனிஸ் என்று கண்ணாடிப் பெட்டி நிறைய அடுக்கியிருந்தார்கள். மீன் பனிஸில் மிளகு தூக்கலாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. எங்கள் ஊரில் இதைப் போட்டால் காலையில் வாங்கிக்கொண்டு போவார்கள், மாலையில் கோயிலுக்குப் போகும்போது திட்டுவார்கள். ஏரிக்கரையில் உட்கார இடம் தேடி, கிடைத்த இடத்திலிருந்து காக்கைகள் என்னை விரட்டி, கடைசியில் நின்றுகொண்டே தின்றேன். திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் சிங்களத்தில், "உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு" என்று கத்திக்கொண்டே வந்தார். உள்ளே ஒரு பூனைக்குக்கூட இடமில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடுகளும் ஒன்றுதான்.

புதன்கிழமை போயா. பௌர்ணமி விடுமுறை என்பதால் ஃபாரூக் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய ஆள், வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் வண்டி மேல் போய்விட்டது. "அஸ்தஃபிருல்லாஹ், சுப்பையா அண்ணே, இதக் கழுவினீங்களா? கழுவ வேணாமெண்டு செல்லினேனே. அந்த அழுக்குத்தானே இதுக்கு அழகு" என்றார்.

பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கார்புரேட்டரைப் பற்றி ஒரு மணி நேரம். எந்த ஊர்ப் பழைய சாமான் கடையில் எந்த நட்டு கிடைத்தது என்று அடுத்த ஒரு மணி நேரம். அத்தான் விரலால் தடவிக் காட்டும் இடத்தையெல்லாம் ஃபாரூக்கும் தடவினார். இது கைமாற வேண்டிய பொருள் என்று இருவருக்குமே நினைவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். "தம்பி, அப்ப எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா, "தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க, பிள்ளைகளுக்கு ரொட்டி கட்டி வச்சிருக்கேன்" என்று குசினிக்குக் கூப்பிட்டாள். ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பி வந்த ஃபாரூக்கின் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. என் பக்கம் திரும்பி, "அக்கா, வண்டி மலை ஏறுறத ஒருக்கா பாக்கணும். நாளைக்கி நான் பன்விலவுக்கு மிளகு எடுக்கப் போறேன். அங்க கொண்டு வந்தீங்கண்டா பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். இத்தனை வருடம் பார்த்த வண்டி மலை ஏறுமா என்று இன்னும் சந்தேகமா? ஒரு கண்ணில்லாதவரைப் பன்விலவுக்கு ஓட்டி வரச் சொல்கிறீர்களே என்று நான் சத்தம் போட்டேன். அத்தான் விரிப்பை எடுத்து வண்டியை மூடினார்.

வியாழக்கிழமை காலை அக்கா நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு ஹெல்மெட்டோடு வெளியே வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தான் வண்டியைச் சாலையோரச் சாக்கடையின் காணுக்கட்டுப் பக்கமாகக் கொண்டு போய், அந்தச் சிமெண்ட் உயரத்துக்கு ஒட்டி நிறுத்தினார். அக்கா அந்தக் கட்டின் மேல் ஏறி நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. மறுபடியும் தூக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மரத்துப் போச்சு. செல்வி, நீ ஏறிக்க" என்று ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினாள். "வலது பக்கம் எது வந்தாலும் அவரு வலது தோள்ல தட்டு. வண்டி, மாடு, ஆளு, எதுன்னாலும். விட்டுறாத."

போக மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் ஏறாவிட்டால் அவர் தனியாகப் போய்விடுவார் என்று தோன்றியது. ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டையைக் கடந்து வத்தேகம வரைக்கும் ஒழுங்காகத் தட்டினேன். அத்தான் ஓட்டுவது தெளிந்த தண்ணீர் போகிற மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தட்டினால் சற்றே இடது பக்கம் ஒதுங்குவார், அவ்வளவுதான். அதற்கு மேலே தேயிலை ஆரம்பித்தது. எங்கள் கோத்தகிரித் தேயிலை மாதிரியேதான். இதைப் பார்க்கவா விமானச் சீட்டு எடுத்தோம் என்று அலுத்துக்கொண்டே, ஒரு வளைவில் இடது பக்கத்துத் தேநீர்க் கடையில் தொங்கிய பனிஸ்களை எட்டிப் பார்த்தேன். அதே நொடியில் வலது பக்கம் கொழுந்து ஏற்றிய லொறி வந்தது. நான் தட்டவில்லை. ஹார்ன் சத்தத்தில்தான் அத்தானுக்கு அது தெரிந்தது. ஹேண்டிலைத் திருப்பினார். நாங்கள் மூவரும், அதாவது அவரும் நானும் வண்டியும், தேயிலைச் செடிக்குள் விழுந்தோம்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "ஐயோ, எந்திரிங்க, மெதுவா எந்திரிங்க" என்று என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. அத்தானுக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. லொறிக்காரர் பாவம், முகம் வெளுத்துப் போய் நின்றார்.

கூடையைச் சரி செய்துகொண்டே ஒரு பெண் அத்தானிடம், "எங்க ஐயா, எப்பவும் பின்னால வர்ற அம்மா வரலியா இன்னைக்கி?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அந்தம்மா இருந்தா விழுந்திருப்பீங்களா? தட்டிக்கிட்டே வருவாங்களே" என்றாள். "போன மாசம்கூட எங்ககிட்ட உக்காந்து டீ குடிச்சுட்டுப் போனாங்க. நல்லா பாடுவாங்க" என்றாள் முதல் பெண்.

என் அக்கா பாடுவாளா? எனக்குத் தெரியாது.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார். "கண்ணு போனதுலருந்து அவதான் என் கூட வர்றா" என்றார். "எல்லா எடத்துக்கும். நான் வேணாம்னுதான் சொன்னேன்." சற்று நேரம் கழித்து, "உங்க அக்கா குடுத்துருன்னா நான் இன்னைக்கே குடுத்துருவேன்" என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை. ஆண்கள் எல்லாவற்றுக்கும் மனைவியைக் காட்டுவது எனக்குத் தெரியாததா?

பன்விலச் சந்தியில் காத்திருந்த ஃபாரூக் செய்தி கேட்டு வந்தார். வண்டி பக்கம் திரும்பாமல் நேராக வந்து அத்தானின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மலை ஏறுகிறதா என்ற பேச்சே எழவில்லை. வண்டியைத் தன் சின்ன லொறியில் ஏற்றினார். நாங்கள் மிளகு மூட்டைகளோடு முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தோம். வழி நெடுகத் தும்மினேன்.

வீட்டில் அக்கா என் முழங்கையைக் கழுவிவிட்டாள். "தட்டலியா?" என்று கேட்டாள். கத்தினேன். "நீயே பின்னால உக்காந்து ஊர் சுத்தியிருக்க. ஒம் மகன் என்னடான்னா அழுதுக்கிட்டு என்னை இங்க அனுப்புறான். என்ன நடக்குது இந்த வீட்டுல?" அவள் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே, "நான் ஏறாட்டி அவரு தனியாப் போயிருப்பாரு" என்றாள். நான் ஏறியதும் அதே காரணத்துக்குத்தான். முழங்கையை மருந்துக்கு நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை மழை. உடம்பு முழுக்க வலி. தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். சந்தில் பாண்காரரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ரொட்டி விற்கும் ஆட்டோவுக்கு இசை வைத்த மூளையை மட்டும் மனதாரப் பாராட்டினேன். ஃபாரூக்குக்கு ஜும்ஆ தொழுகை, மத்தியானத்துக்குப் பிறகு வரலாம் என்று சொல்லியிருந்தார். அக்கா, "வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருள வெளிய குடுக்கக் கூடாது" என்றாள். நான் எழுந்திருக்கவேயில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது. மிச்ச நாள்ல கொஞ்சத்த இந்த ஃபாரூக் தின்னுடுறாரு. திங்கக்கிழமை எனக்குப் பிளேன்" என்றேன். அக்கா இடியப்பத்தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். இடியப்பம் பஞ்சாக இருந்தது, சொதி மணத்தது. அந்தக் கோபத்திலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை முடிவெடுத்தேன். வாங்குகிறவரைப் பிடித்து உலுக்கினால்தான் காரியம் நடக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. அதுதான் வினை. பக்கத்தில் ஒரு பெண்மணி போனில் சிங்களத்தில் யாரிடமோ, "பலாக்காயை அவித்துவிட்டாயா, உப்புப் போட்டாயா, போடவில்லையா" என்று பேராதனை தாண்டும் வரை விசாரித்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் கற்ற சிங்களம் இன்னும் மிச்சமிருக்கிறது என்ற மகிழ்ச்சியோடு கண்ணை மூடினேன். விழித்தபோது பஸ் கணவாயெல்லாம் இறங்கி மாவனல்லையில் நின்றது. காற்று சூடாக இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று இன்னொரு பஸ் பிடித்து, அதே மலையை மறுபடி ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஃபாரூக்கின் கடை முழுக்கக் கராம்பு வாசம். என்னைப் பார்த்ததும் பதறி, ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, உள்ளே ஓடிப் போய் தேங்காய்ப் பாலில் செய்த வட்டலப்பமும் பிளேன்டீயும் கொண்டு வந்தார். வட்டலப்பத்தைத் தின்று முடிக்கும் வரை பொறுத்துக்கொண்டு பிறகு கேட்டேன். "தம்பி, உங்களுக்கு வண்டி வேணுமா, வேணாமா?"

அவர் தராசுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அக்கா, எனக்கு வேணும். ராவு பகலா அந்த வண்டி நெனப்புத்தான். ஆனா எடுக்க வேணாமெண்டு செல்றது ஒங்கட அக்காதான்."

"என் அக்காவா?"

"ஒவ்வொரு முறையும் அவங்கதான். புதன்கிழமை குசினிக்குள்ள கூப்பிட்டு, 'தம்பி, எடுத்துராதீங்க, ஏதாச்சும் சாட்டு செல்லுங்க, ஒருக்கா பன்வில போய்ட்டு வந்துர்றேன்' எண்டாங்க. அதான் மலையேத்தம் எண்டு செல்லினேன். நீங்க விழுந்ததுலருந்து எனக்கு நித்திரையில்ல அக்கா. இனி அவங்க செல்லினாலும் நான் கேக்க மாட்டேன். ஆனா அவங்ககிட்டருந்து புடுங்கவும் ஏலாது. நீங்கதான் பேசணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. மகன் அப்பாவைக் குற்றம் சொன்னான். நானும் அவரைத்தான் குற்றம் சொன்னேன். அந்த மனுஷர் தன் வாயால் உண்மையைச் சொன்னபோதும் நம்பவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அத்தான் கோயிலுக்குப் போயிருந்தார், நடந்து. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஃபாரூக் சொன்னதைச் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கல்யாணமாகி இங்க வந்ததுலருந்து இந்தச் சந்து, தண்ணிக் குழாய், சந்தை, ஆஸ்பத்திரி. இதுதான் எனக்குத் தெரிஞ்ச கண்டி" என்றாள். "அவரு காலைல அந்த வண்டில போவாரு. ஊரெல்லாம் பாப்பாரு. சாயங்காலம் சந்துல சத்தம் கேட்டாத்தான் நான் சோறு போடுவேன். மழை நாள்ல சத்தம் வர நேரமாச்சுன்னா வாசலுக்கும் குசினிக்கும் நடப்பேன். வந்ததும் ஒண்ணும் கேக்க மாட்டேன். என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ல வெக்கம். அவருக்கும் தோணல. கெட்டவரு இல்ல, தோணல அவ்வளவுதான்."

தேங்காய் முடிந்துவிட்டது. வெறும் சிரட்டையைக் கையில் வைத்திருந்தாள்.

"அவரு கண்ணு போன பொறகுதான்டி நான் கண்டியப் பாத்தேன். ஹந்தானை மலை மேல நின்னு பாத்தா நம்ம சந்து தெரியுது, தெரியுமா? பன்விலல அந்தப் பொம்பளைங்க எனக்குத் தோழிங்க. பின்னால உக்காந்தா காத்து மூஞ்சில அடிக்கும், என்னமோ பாட்டு வரும். அவரும் கேட்டுக்கிட்டே ஓட்டுவாரு. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னாரு, எனக்குக் காதுல விழலன்னு வச்சுக்கிட்டேன். இப்ப இந்த இடுப்பு பாவி காலத் தூக்க விடமாட்டேங்குது. ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துட்டுக் குடுத்துரலாம்னு பாத்தேன். அதுக்குத்தான் உன்னை ஏத்தி உருட்டிவிட்டேன்." இப்போது அவள் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. என்ன சொல்வது? விற்றுத்தான் ஆக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அதை அவள் வாயிலிருந்து வரவழைக்கத்தானா நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று மனசு சலித்துப் போனது.

"நாளைக்கி அந்தத் தம்பிய வரச் சொல்லு" என்று அவளேதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாரூக் வந்தபோது வண்டி சந்தில் நின்றது. அத்தான் விரிப்பை மடித்துக் கதிரையில் வைத்திருந்தார். வண்டியைக் கழுவவில்லை. அக்கா வியாழக்கிழமை உடுத்திய அதே சேலையில் வந்தாள்.

"தம்பி, நீங்க ஓட்டுறத நான் பாக்கணும். என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஃபாரூக் அத்தானைப் பார்த்தார். அத்தான் உள்ளே போய் வாங்குப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டார். அக்கா அதில் ஏறி நின்றாள். அவர் குனிந்து, இரண்டு கையாலும் அவள் காலைப் பிடித்து, மெதுவாகத் தூக்கி இருக்கையின் அந்தப் பக்கம் வைத்தார். அவள் வலியில் பல்லைக் கடித்தாள். சேலையைச் சரி செய்துவிட்டார். சந்திலிருந்த வீடுகளில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள், அவர் யாரையும் பொருட்படுத்தவில்லை. ஃபாரூக் உதைத்தார், வண்டி எடுக்கவில்லை. அத்தான் ஒருமுறை உதைத்துக் கொடுத்தார். எடுத்தது.

அவர்கள் போனதும் அவர் வாசலில் நின்றார். நான் தேநீர் கொடுத்தேன், வாங்கிப் படியில் வைத்துவிட்டார். "ஏரிப் பக்கம் போயிருப்பாங்களா?" என்றார். போயிருப்பார்கள் என்றேன். "இந்நேரம் வந்திருக்கணுமே. ஞாயித்துக்கெழமை ரோட்டுல வண்டி இருக்காது." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பி வளைவுல வேகமா எடுப்பான்" என்றார். உள்ளே போனார். குசினி வரைக்கும் போய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தார். மறுபடியும் படியில் நின்று, நல்ல கண் சந்து முனையைப் பார்க்கும்படி தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிப் போயிருந்தது. வாழ்க்கையில் அந்த மனுஷர் யாருக்காகவும் அப்படி நின்றிருக்க மாட்டார்.

சத்தம் கேட்டது. பிரதான சாலையிலிருந்து வந்து சந்து முனையில் நின்றது. அத்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சத்தம் மேலே வரவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே உறுமிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி எழும்பி, டவுன் பக்கமாகத் தேய்ந்து போனது. அது போகிற திசையைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். வாசலிலிருந்து வண்டி போவதை அவர் பார்க்க வேண்டாம் என்று அக்கா முனையிலேயே இறங்கிக்கொண்டாள்.

ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் வந்தாள். தலை கலைந்திருந்தது. முகமெல்லாம் சிவந்து, காற்றில் அடிபட்டவள் மாதிரி இருந்தாள். அத்தான் படியிறங்கி ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க போனீங்க? இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

அக்கா நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "இப்பத் தெரியுதா?" என்றாள்.

அத்தான் அவளிடமிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, மற்றக் கையை அவளுக்கு நீட்டினார்.